ஆறடி பின்னால்: கண்டிகோட்டா, கோடியக்கரைப் படங்கள் மீது ஒரு நிகழ்வு ஆய்வு

மார்கழியில் கல்யாணம் கிடையாது. டெல்டாவில் கல்யாண ஃபோட்டோ எடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு அந்த மாதமும் ஆடியும்தான் தங்களுக்கென்று படம் எடுக்கக் கிடைக்கிற நாட்கள். திருவாரூர் பக்கத்துத் தம்பி ஒருவர் போன மார்கழியில் ஆந்திராவில் உள்ள கண்டிகோட்டாவுக்கும், திரும்பி வந்த கையோடு கோடியக்கரைக்கும் போய்வந்தார். பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு, கும்பகோணத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு 23 பிரிண்டுகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். 14 கண்டிகோட்டா, 9 கோடியக்கரை. எல்லாமே 12க்கு 18 அங்குலம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். படங்களைப் பாயில் பரப்பி, ஓரங்களில் டம்ளர் வைத்துச் சுருளாமல் பார்த்துக்கொண்டு பேசுவோம். இந்த 23 படங்களைப் பற்றிய பேச்சு மட்டும் ஆடி வரைக்கும் நீண்டது. நடுவில் நான் தப்பாக ஒரு யோசனை சொல்லி அவருடைய ஒரு மாதத்தை வீணாக்கினேன். அதிலிருந்து அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நிலக்காட்சி எடுக்கிற மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கண்டிகோட்டா கடப்பா மாவட்டத்தில், ஜம்மலமடுகு ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெண்ணாறு எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு போகிற இடம். தெலுங்கில் ‘கண்டி’ என்றாலே மலையிடுக்குதான். செவ்வண்ணப் பாறைகள் அடுக்கடுக்காக நிற்க, நடுவே பச்சையாகத் தண்ணீர். கரையில் கோட்டை, மாதவராயர் கோயில், மசூதி, பழைய தானியக் கிடங்கு. அமெரிக்காவில் 446 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிற கிராண்ட் கேன்யனோடு இதை ஒப்பிட்டுப் பேசுவது பயணிகளின் பழக்கம். அளவில் இது அதன் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஆனாலும் விளிம்பில் போய் நிற்கிறவனுக்கு அந்தக் கணக்கெல்லாம் நினைவுக்கு வராது.

கோடியக்கரை நமக்குத் தெரிந்த இடம். காவிரிச் சமவெளி தெற்கே கடலில் முடிகிற முனை. 1967இல் வெளிமான்களுக்காகச் சரணாலயம் ஆனது. ஒரு பக்கம் பாலை மரங்கள் நிறைந்த காடு, ஒரு பக்கம் உப்பளமும் சேறும், இடையில் புல்வெளி. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு மார்கழியில் போனால் புல் பச்சையாக இருக்கும்.

ஒன்று ஆழம், மற்றது பரப்பு. இந்த இரண்டையும் டெல்டாக்காரன் படம் எடுக்கப் போனால் என்ன ஆகும் என்பதுதான் இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நமக்கு ஆழம் என்றால் கிணறு. மேடு என்றால் ஆற்றங்கரை. தரையில் நிற்கிற ஒரு ஆளின் கண்ணுக்கு அடிவானம் ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டரில் இருக்கிறது. இங்கே அதுவரைக்கும் குறுக்கே தென்னையையும் மூங்கிலையும் தவிர எதுவும் நிற்காது. இப்படி வளர்ந்த கண் மலையிடுக்கைப் பார்த்ததும் எல்லாவற்றையும் அள்ளப் பார்க்கும். புல்வெளியைப் பார்த்தால், இது தினமும் பார்க்கிறதுதானே என்று, நிற்கிற இடத்தைப் பற்றி யோசிக்காமலே எடுத்துவிடும். தம்பி இரண்டையும் செய்திருந்தார்.

நான் செய்த தவறு

முதலில் கண்டிகோட்டா. 14 படங்களில் 11 ஒரே இடத்திலிருந்து, ஒரே விடியலில், 16 மில்லிமீட்டர் வைட் லென்ஸில் எடுத்தவை. இடது சுவர், வலது சுவர், நடுவில் ஆறு, மேலே பாதிக்கு வானம். பாயில் பரப்பியதும் எல்லாரும் “அழகா இருக்கு தம்பி” என்றார்கள். அப்புறம் ஒருவரும் பேசவில்லை. ஒரு படத்தைப் பற்றி அழகு என்ற ஒரு சொல்லோடு பேச்சு நின்றுபோனால் அதில் ஏதோ குறை என்று எனக்குப் படும்.

கல்யாணப் பத்திரிகை அட்டையை ‘ட’ வடிவத்தில் வெட்டிய இரண்டு துண்டுகள் என்னிடம் எப்போதும் இருக்கும். அவற்றை எதிரெதிராக வைத்து நகர்த்தினால் படத்தை எந்த அளவுக்கும் சுருக்கிப் பார்க்கலாம். அன்றைக்கு அவசரப்பட்டேன். தம்பியிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் அட்டைகளை எடுத்து வானத்தை மறைத்தேன். கீழே இருட்டாகக் கிடந்த பாறைகளையும் மறைத்தேன். நடுவில் நீளமாக ஒரு பட்டை மிஞ்சியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. “இப்படி கிராப் பண்ணிக்குங்க தம்பி, இதுதான் படம்” என்று சொல்லிவிட்டேன்.

அவர் சொன்னபடி கிராப் பண்ணி, புது பிரிண்ட் போட்டு, மாசி மாதக் கூட்டத்துக்கு எடுத்துவந்தார். திண்ணைச் சுவரில் சாய்த்து வைத்துத் தள்ளி நின்று பார்த்தோம். அது ஏதோ ஓர் ஆறு. இரண்டு பக்கமும் கரை உயர்ந்த ஆறு, அவ்வளவுதான். கொள்ளிடத்தில் கோடையில் எடுத்தது என்று சொன்னாலும் நிறத்தைத் தவிர மறுப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. மலையிடுக்கை மலையிடுக்கு ஆக்குகிற ஆழத்தை நான் அட்டையால் மூடியிருந்தேன்.

அப்போதுதான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். “அங்க போய் நின்னப்ப முதல்ல என்ன தோணிச்சு?”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். “கால் கூசிச்சுண்ணே. உள்ளங்கால்ல. உக்காந்துட்டேன். அப்புறம்தான் கேமராவையே எடுத்தேன்.”

பதினான்கு படங்களையும் மறுபடி எடுத்துப் பரப்பினோம். ஒரு படத்திலாவது கால் கூசுகிறதா என்று தேடினோம். இல்லை. காரணம் எளிது. எல்லாப் படமும் விளிம்பின் நுனியில் நின்று எடுத்தவை. நுனியில் நின்றால் நுனி ஃப்ரேமுக்குள் வராது. கேமராவுக்குக் கீழே, படத்துக்கு வெளியே போய்விடும். பார்க்கிறவனுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. டிரோனில் எடுத்தது போல அந்தரத்தில் மிதக்கிற படம் அது. மிதக்கிறவனுக்குக் கால் எப்படிக் கூசும்?

அவரைக் கூசவைத்த பாறை விளிம்புதான் படத்தின் உயிர் என்பது அன்றைக்கு எல்லாருக்கும் விளங்கியது. படத்தின் மேல் கை வைப்பதற்கு முன்னால் எடுத்தவரிடம் கேட்டுவிட வேண்டும் என்பதை நான் அன்றிலிருந்து விடாமல் கடைப்பிடிக்கிறேன்.

நிழலுக்குள் ஆரஞ்சு

இன்னொரு சண்டை நிறத்தைப் பற்றி. நான்கு படங்களில் நிழல் பகுதிகள் உள்ளிருந்து தணல் போல ஆரஞ்சாக ஒளிர்ந்தன. லைட்ரூமில், அதாவது படம் திருத்துகிற மென்பொருளில், ஏற்றியது என்று தம்பியே சொன்னார். அரிசோனாவில் உள்ள ஆன்டிலோப் கேன்யன் படங்களைப் பார்த்து வந்த ஆசை.

அந்த இடத்தில் அந்த ஒளிர்வு நிஜமாகவே உண்டு. மணற்கல்லைத் திடீர் வெள்ளம் அரித்து அரித்து உண்டாக்கிய சந்து அது. பல இடங்களில் இரண்டு கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். மேலே கீற்றாகத்தான் வானம். உள்ளே இறங்குகிற வெயில் ஒரு சுவரில் பட்டு எதிர்ச்சுவருக்கு, அங்கிருந்து மறுபடி இந்தச் சுவருக்கு என்று தாவித் தாவிப் போகும். ஒவ்வொரு தாவலிலும் செந்நிறக் கல் நீலத்தை உறிஞ்சிக்கொண்டு சிவப்பையும் மஞ்சளையும் திருப்பித் தரும். அதனால் அங்கே நிழலுக்குள் போகப் போக நிறம் சூடாகும்.

கண்டிகோட்டா அகலமானது. மேலே வானம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. வெயில் படாத பாறைக்கு வெளிச்சம் தருவது அந்த வானம். ஆகவே அங்கே நிழல் சற்று நீலமாக, குளிர்ந்துதான் இருக்கும். மேலே அகன்ற வெளிர் வானத்தையும் காட்டி, கீழே நிழலை ஆரஞ்சாகவும் காட்டினால் கண் நம்பாது. எங்கே பிசகு என்று பார்க்கிறவருக்குச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் படத்தை விட்டு விலகிவிடுவார்.

தம்பி விடவில்லை. “ஆன்செல் ஆடம்ஸ் பகல்லயே வானத்தைக் கறுப்பாக்கினாரே, அது மட்டும் நிஜமா?” என்றார். நல்ல கேள்வி. ஆடம்ஸ் கறுப்பு வெள்ளையில் நிலக்காட்சி எடுத்த அமெரிக்கர். 1927இல் கலிஃபோர்னியாவில் உள்ள ஹாஃப் டோம் மலை முகப்பை எடுத்தபோது முதலில் மஞ்சள் ஃபில்டர் போட்டார். மலை முன்னால் நின்றபோது தனக்கு ஏற்பட்ட உணர்வு அதில் வராது என்று தோன்றவே, கையில் மிஞ்சியிருந்த கடைசிக் கண்ணாடித் தகட்டில் அடர் சிவப்பு ஃபில்டர் வைத்து எடுத்தார். வானம் ஏறத்தாழக் கறுத்துப்போனது. அது கண்ணால் பார்த்த வானம் இல்லைதான். ஆனால் சிவப்பு ஃபில்டர் நீல ஒளியைத் தடுக்கும்போது வானம் மட்டும் கறுப்பதில்லை, அந்த வானத்தால் வெளிச்சம் பெறுகிற நிழல்களும் சேர்ந்தே கறுக்கின்றன. படம் முழுக்க ஒரே சட்டம். தம்பியின் படத்தில் மேல்பாதிக்கு ஒரு சட்டம், கீழ்பாதிக்கு வேறு சட்டம். நிறத்தை மாற்றுவது குற்றம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். மாற்றுகிறவர் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

அவர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த தடவை ஆரஞ்சைத் தொடவில்லை.

இரண்டு மில்லிமீட்டர் புல்வெளி

கோடியக்கரைப் படங்கள் ஒன்பதிலும் ஒரே அமைப்பு. கேமராவைக் கிட்டத்தட்ட தரையோடு வைத்து, முன்னால் ஒரு புல் கற்றையை அல்லது உப்புப் பூத்த கட்டாந்தரையைப் பெரிதாக நிறுத்தி, பின்னால் சிவந்த மாலை வானம். நிலக்காட்சி என்றால் முன்புலத்தில் ஏதாவது இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதை அப்படியே செய்திருந்தார்.

“புல்வெளி எங்க?” என்று ஒருவர் கேட்டார். தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. “இதோ இருக்கே, பூரா புல்தானே” என்றார். சரி, அளந்தே பார்ப்போம் என்று பையனின் ஜாமெட்ரி பெட்டியிலிருந்து ஸ்கேலை எடுத்துவந்தேன். 50 மீட்டருக்கு அப்பால் இருக்கிற தரை எங்கே தொடங்குகிறது என்று அவரையே காட்டச் சொன்னேன். ஒரு புதரை அடையாளம் காட்டினார். அங்கிருந்து அடிவானம் வரை படத்தில் இரண்டு மில்லிமீட்டர். கண்ணுக்கெட்டும் தூரம் விரிந்த புல்வெளி முழுவதும், அதில் மேய்ந்துகொண்டிருந்த வெளிமான் கூட்டமும், அந்த இரண்டு மில்லிமீட்டருக்குள் நசுங்கிக் கிடந்தன. மான் ஒவ்வொன்றும் எள்ளைவிடச் சிறியது.

கணக்குப் போட்டாலும் அதேதான் வருகிறது. கேமரா தரையிலிருந்து அரை மீட்டர் உயரம், லென்ஸ் 16. இந்த நிலையில் 50 மீட்டர் தள்ளியிருக்கிற தரைக்கும் அடிவானத்துக்கும் உள்ள இடைவெளி படத்தின் உயரத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. கேமராவை இரண்டு மடங்கு உயர்த்தினால் இடைவெளியும் இரண்டு மடங்காகும். லென்ஸின் குவிய நீளத்தை (16 என்கிற அந்த மில்லிமீட்டர் எண்ணை) இரண்டு மடங்காக்கினாலும் அப்படித்தான். சமதரையில் நடுவெளியைத் திறக்க இந்த இரண்டைத் தவிர வேறு வழி கிடையாது. மலையில் நிலமே எழுந்து நின்று தன்னைக் காட்டிவிடும். சமவெளியில் நாம்தான் எழுந்து நின்று பார்க்க வேண்டும். நம் டெல்டாவில் எடுக்கப்படுகிற வயல் படங்களில் பாதி இங்கேதான் தோற்கின்றன. குனிந்து, நாற்று நுனியை ஃபோகஸ் பண்ணி எடுக்கிறார்கள். நடவும் வரப்பும் மடையும் வாய்க்காலும் ஒரு கோட்டுக்குள் மறைந்துவிடுகின்றன. அதே இடத்தில் ஆற்றங்கரை மேல் ஏறி நின்றிருந்தால் வரப்புகளின் பின்னல் முழுக்கத் தெரிந்திருக்கும்.

“உயரத்துக்கு எங்க போறது? காட்டுக்குள்ள மாடியா இருக்கு?” என்றார் தம்பி. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியது. கல்யாண வீட்டில் குடும்பம் மொத்தத்தையும் ஒரே ஃப்ரேமில் அடக்க அவர் ஏறி நிற்பாரே, அந்த அலுமினிய ஏணி எப்போதும் அவர் காரின் டிக்கியில்தான் கிடக்கிறது.

முகூர்த்தம் இல்லாத ஒரு நாளில், மாசிக் கடைசியில், வனத்துறை அனுமதியோடு மறுபடி போனார். வண்டித்தடத்தை விட்டு இறங்காமல், தடத்தின் ஓரத்திலேயே ஏணியைப் போட்டு ஏறினார். கண் உயரம் இரண்டரை மீட்டருக்கு மேல் வந்துவிட்டது. லென்ஸ் 100. முன்பு இரண்டு மில்லிமீட்டராக இருந்த அந்த வெளி இப்போது பிரிண்டில் ஆறரை சென்டிமீட்டர்! மான் ஒன்று துவரம்பருப்பு உயரம். புல் அதற்குள் பழுக்கத் தொடங்கியிருந்தது. மஞ்சள் ஒரு பட்டை, பின்னால் இன்னும் பச்சை விடாத ஈரத் தரை ஒரு பட்டை, அதற்கும் பின்னால் காட்டின் கருங்கோடு. வானம் மேலே கைவிரல் அகலம்தான். அந்த வானத்தை வெட்ட அவருக்கு மனசே வரவில்லையாம். முன்னைய படங்களில் முக்கால்வாசியை அதுதான் நிரப்பியிருந்தது.

முதல், கரு, உரி

படங்களைப் பற்றிப் பேசும்போது நான் பயன்படுத்துகிற அளவுகோல் ஒன்று இருக்கிறது. புதிது ஒன்றுமில்லை. பள்ளியில் அகத்திணை படித்த எல்லாருக்கும் தெரிந்ததுதான். நிலமும் பொழுதும் முதல். அங்கே வாழ்கிற மரம், மான், பறவை, மனிதர், தொழில் எல்லாம் கரு. அந்த நிலத்தில் நிகழ்கிற மன ஒழுக்கம் உரி. மூன்றில் ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு நிலக்காட்சி என்று சொல்கிற படங்கள்தான் அதிகம். தம்பியின் முதல் 23 படங்களிலும் முதல் இருந்தது, அதுவும் விடியலும் மாலையுமாக நன்றாகவே இருந்தது. கரு அங்கங்கே இருந்தது. உரி அவர் உள்ளங்காலிலேயே நின்றுவிட்டது.

பொழுதைப் பற்றியும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை, பாலைக்கு நண்பகல் என்று பிரித்து வைத்தவர்கள் நிலத்தை வெளிச்சத்தோடு சேர்த்துப் பார்த்தவர்கள். இன்றைக்கு எல்லா நிலத்தையும் விடியலிலும் அந்தியிலும் மட்டுமே எடுக்க வேண்டும் என்று ஒரு பழக்கம் பிடித்து ஆட்டுகிறது. வறண்ட பாறை நிலத்தில் உச்சி வெயிலில் எடுத்த படம் ஏன் கூடாது? அந்த நிலத்தின் கடுமை அந்த நேரத்தில்தான் முகத்தில் அடிக்கிறது. கோடியக்கரையோ கடலும் காடும் புல்லும் கலந்த இடம், திணை மயக்கம் என்றே சொல்லலாம். அங்கே முல்லையின் உரியான ‘இருத்தல்’, அதாவது காத்திருத்தல், எனக்கு ஏணி மேல் எடுத்த படத்தில் தெரிந்தது. ஓர் ஆண் மான் மட்டும் கூட்டத்தை விட்டு விலகி, கருங்கோட்டைப் பார்த்து நின்றது. தம்பி அதற்காக ஒன்றரை மணி நேரம் ஏணியில் நின்றிருக்கிறார்.

ஆடியில் மறுபடி

ஆடி பிறந்ததும் கண்டிகோட்டாவுக்கு இரண்டாம் பயணம். இந்தத் தடவை அவர் விடியலுக்கு ஓடவில்லை. காலை பத்து மணிக்கு மேல், ஒரு சுவரில் வெயில் முழுதாக விழுகிற நேரத்தில் வேலையைத் தொடங்கினார். முதல் நாள் கேமராவைத் தொடாமல், விளிம்புக்கு எவ்வளவு பின்னால் நின்றால் என்ன தெரிகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டாராம். அந்தக் குறிப்பைக் காட்டினார். எங்கள் கூட்டத்தில் நான் பார்த்ததிலேயே உருப்படியான குறிப்பு அதுதான்.

மூன்றடி பின்னால்: கீழே ஆறு வரை தெரிகிறது, ஆனால் விளிம்பு ஃப்ரேமின் அடியில் ஒரு மங்கல் கீற்று. பத்தடி பின்னால்: பாறைத் தளம் நன்றாக விரிகிறது, ஆனால் ஆழம் போய்விடுகிறது, எதிர்ச்சுவரின் மேல்பாதிதான் மிஞ்சுகிறது. ஆறடி பின்னால், கேமராவை நிறுத்துவாக்கில் திருப்பி, சற்றே கீழே சாய்த்தால் இரண்டும் கிடைக்கின்றன. அடியில் ஒரு முழம் அகலத்துக்குப் பாறை, அதன் உடைந்த ஓரம், ஓரத்தைத் தாண்டியதும் கண் சட்டென்று கீழே விழுந்து எதிர்ச்சுவரின் அடிவாரத்தில் போய் நிற்கிறது.

லென்ஸ் 24, துளை அளவு எஃப் 11. அந்த அமைப்பில் ஆறடியில் ஃபோகஸ் வைத்தால் மூன்றடியிலிருந்து அடிவானம் வரை எல்லாம் துலங்கும். அவர் ஃபோகஸ் வைத்தது அந்த விளிம்பிலேயேதான். எதிர்ச்சுவரின் கீழ்ச்சரிவில் ஏழெட்டு ஆடுகள், ஒவ்வொன்றும் அரிசிக் குருணை அளவு. முதல் பயணத்தின் படங்களில் அளவு சொல்ல ஒன்றுமே இல்லை. பாறை நூறு அடியா ஐம்பது அடியா என்று பார்க்கிறவர் ஊகிக்க வேண்டியிருந்தது. ஆடு வந்ததும் ஊகத்துக்கு வேலை இல்லை. நிழல் பகுதியை அவர் நீலமாகவே விட்டிருந்தார். பக்கத்தில் வெயில் பட்ட பாறை அதனாலேயே இன்னும் சிவந்து தெரிந்தது.

குறை இல்லாமல் இல்லை. ஆற்றின் ஒரு வளைவு வலது மேல் மூலைக்குப் பக்கத்தில் வெள்ளையாகப் பளபளக்கிறது. கண் விளிம்பிலிருந்து கீழே விழுந்து ஆடுகளிடம் போக வேண்டிய நேரத்தில் அந்தப் பளபளப்பு அதை மேலே இழுத்து ஃப்ரேமுக்கு வெளியே கொண்டுபோய் விடுகிறது. பளபளப்பைக் குறைக்கிற போலரைசர் ஃபில்டர் போட்டுப் பார்த்திருக்கிறார், கொஞ்சம்தான் அடங்கியது. பிரிண்டில் அந்த இடத்தை இருட்டாக்கலாம் என்றார் ஒருவர். நான் வேண்டாம் என்றேன். இரண்டடி இடது பக்கம் நகர்ந்து நின்றால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையே அந்த வளைவை மறைத்துவிடும் என்பது என் கணக்கு. தம்பிக்கு அதில் சந்தேகம். அங்கே இடது பக்கம் நிற்க இடம் குறைவு, கைப்பிடியும் இல்லை என்கிறார். அப்படியானால் நகர வேண்டாம், படம் இப்படியே இருக்கட்டும்.

பிரிண்டைத் திண்ணைக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் வீட்டில் அம்மாவிடம் காட்டியிருக்கிறார். மார்கழிப் படங்களை எல்லாம் “நல்லாருக்குப்பா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனவர் அந்த அம்மா. இதைப் பார்த்ததும் தோளில் ஒன்று வைத்தாராம். “ஏன்டா இவ்வளவு ஓரத்துல போய் நின்னே?”

“ஆறடி தள்ளித்தாம்மா நின்னேன்” என்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லையாம்.